உப்புக்கு எரிகிற விளக்கு சர்க்கரைக்கு ஏன் எரிவதில்லை?

சில வருடங்களுக்கு முன் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கி, ஒன்றில் எங்கள் போர் தண்ணீரையும் இன்னொன்றில் தான் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரையும் ஊற்றினார். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை இரண்டின் மேலும் வைத்து பிளக்கைச் சொருகினார். இரண்டே நிமிடத்தில் எங்கள் டம்ளர் துருச்சேறு போலக் கலங்கிவிட்டது. அவருடையது பளிங்கு மாதிரி நின்றது. "இதைத்தான் சார் தினமும் குடிக்கிறீங்க" என்றார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிற எனக்கே வயிற்றைப் பிரட்டியது. முன்பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, வாசற்கதவைச் சாத்தும்போதுதான் உறைத்தது: நான் பாடம் நடத்துகிற விஷயத்தை வைத்தே என்னை ஏமாற்றிவிட்டுப் போகிறார்.

அந்த வித்தை என்ன என்பது கடைசியில். அதைப் புரிந்துகொள்ள, கரைந்த பொருள்களில் எது மின்சாரத்தைக் கடத்தும், எது கடத்தாது, ஏன் என்பது தெரிய வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது சுலபம். ஒரு மாலைப் பொழுது போதும்.

முதலில் சாமான்கள்

9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று. சாதாரண சிவப்பு எல்.இ.டி ஒன்று. 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. முதலை கிளிப் மாட்டிய ஒயர் நான்கு. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்புறம் இரண்டு மரப் பென்சில், ஒரு அட்டைத் துண்டு, கண்ணாடி டம்ளர்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். பென்சில் முனை அதில் பட்டால் மின்சாரம் தண்ணீரை விட்டுவிட்டு டம்ளர் வழியாகவே போய்விடும். பெட்ரோல் பங்கிலோ பேட்டரி கடையிலோ இன்வர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

பென்சில்களை இரண்டு பக்கமும் சீவி, இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கரி வெளியே தெரியும்படி செய்யுங்கள். அந்தக் கரி கிராஃபைட். மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் இரும்பு, செம்பு போலத் தண்ணீரில் கரைந்து வம்பு பண்ணாது. அட்டையில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு பென்சில்களைச் செருகி, டம்ளர் வாயில் வைத்தால் இரண்டும் ஆடாமல் நிற்கும். இடைவெளியும் முங்கும் ஆழமும் எல்லாச் சோதனைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

இணைப்பு ஒரே வரிசைதான். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்.இ.டி.யின் நீளக்கால். குட்டைக்காலிலிருந்து ஒரு பென்சில். இன்னொரு பென்சிலிலிருந்து பேட்டரியின் எதிர்முனை. பென்சில்களின் கீழ்முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். விளக்கு எரிந்தால் இணைப்பு சரி. எரியாவிட்டால் பெரும்பாலும் எல்.இ.டி.யைத் திருப்பி மாட்டியிருப்பீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சுவர் பிளக் பக்கமே போகக்கூடாது. செல்போன் சார்ஜரை வெட்டி ஒயர் எடுக்கிற யோசனையும் வேண்டாம். பிள்ளைகளோடு செய்தால் 9 வோல்ட் பேட்டரியைத் தாண்டாதீர்கள்.

தண்ணீர் மட்டும்

கழுவித் துடைத்த டம்ளரில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, பென்சில்களை இறக்குங்கள். விளக்கு எரியாது. புது வகை அதிபிரகாச எல்.இ.டி.யாக இருந்தால் இருட்டில் மினுமினுவென்று ஒரு பொட்டு தெரியலாம். அவை அவ்வளவு சொற்ப மின்சாரத்துக்கே கண் திறக்கும். அதனால்தான் சாதாரண சிவப்பு வாங்கச் சொன்னேன்.

இப்போது குழாய்த் தண்ணீர். மங்கலாகவாவது எரியும். போர் தண்ணீர் என்றால் இன்னும் நன்றாகவே எரியும்.

"தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். மிகத் தூய தண்ணீரின் கடத்துதிறன் 25 டிகிரியில் ஒரு சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ் (கடத்துதிறனை அளக்கும் அலகு). கடல்நீருக்கு அது சுமார் 50,000. கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். கடத்துகிற வேலையைச் செய்வது தண்ணீரில் கலந்திருக்கும் வேறு ஏதோ. ஆனாலும் ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே என்ற அம்மாவின் பேச்சு செல்லும். நம் கையில் வியர்வை உப்பு இருக்கிறது, டிஸ்டில்டு வாட்டரில் கை கழுவுகிறவர் யாரும் இல்லை.

உப்பும் சர்க்கரையும்

முதலில் காய்ந்த உப்பு. ஒரு தட்டில் தூள் உப்பைக் குவித்து இரண்டு பென்சில் முனையையும் அதற்குள் செருகுங்கள். எரியாது. (மழைக்காலத்தில் உப்பு நசநசத்திருந்தால் எரிந்து குழப்பும். வாணலியில் வறட்டிவிட்டு ஆறவைத்துப் பாருங்கள்.) அதே உப்பில் ஒரு சிட்டிகையை டிஸ்டில்டு வாட்டரில் போட்டுக் கலக்குங்கள். விளக்கு பளிச்சென்று எரியும்.

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பென்சில்கள் முங்கியிருக்க, கலக்காமல் உப்பை மட்டும் ஓரமாகப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், கல் அடியில் கிடக்கும், விளக்கு செத்தே இருக்கும். அப்புறம் மெதுவாக உயிர் வரும். உப்பு கரைந்து பென்சிலை எட்டுவதைக் கண்ணால் பார்ப்பது மாதிரி.

புது டம்ளர், புது டிஸ்டில்டு வாட்டர், ஒரு ஸ்பூன் சர்க்கரை. நன்றாகக் கலக்குங்கள். எரியாது. இன்னும் இரண்டு ஸ்பூன் போடுங்கள். எரியாது. பாகு பதத்துக்குப் போனாலும் எரியாது.

இரண்டும் வெள்ளை, இரண்டும் தண்ணீரில் காணாமல் போகின்றன. ஆனால் காணாமல் போன விதம் வேறு.

உப்புக் கல்லில் "உப்பு மூலக்கூறு" என்று ஒன்று கிடையாது. அது ஆரம்பத்திலிருந்தே மின்னூட்டம் உள்ள துகள்களால், அதாவது அயனிகளால், அடுக்கிய சுவர். ஒரு சோடியம் நேர் அயனி, ஒரு குளோரைடு எதிர் அயனி என்று மாறிமாறி. காய்ந்த கல்லில் அவை நகர முடியாமல் இறுகிக் கிடக்கின்றன. ஆள் இருக்கிறார், நடக்க வழியில்லை. தண்ணீர் மூலக்கூறோ ஒருபக்கம் லேசான எதிர் மின்னூட்டமும் மறுபக்கம் லேசான நேர் மின்னூட்டமும் கொண்டது. ஒருபக்கத்தால் சோடியத்தைச் சூழ்ந்துகொள்ளும், மறுபக்கத்தால் குளோரைடை. அதோடு, வெற்றிடத்தில் இரண்டு அயனிகளுக்கு இடையே இருக்கும் ஈர்ப்பு விசை தண்ணீருக்குள் சுமார் எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சுவர் சரிந்து ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாக மிதக்கத் தொடங்குகிறது. பேட்டரியைக் கொடுத்ததும் நேர் அயனிகள் எதிர்மின்வாய்ப் (எதிர்முனையோடு இணைத்த பென்சில்) பக்கமும், எதிர் அயனிகள் நேர்மின்வாய்ப் (நேர்முனைப் பக்கத்துப் பென்சில்) பக்கமும் ஊர்கின்றன. தண்ணீருக்குள் மின்சாரம் என்றால் அந்த ஊர்வலம்தான்.

தண்ணீர் இல்லாமலும் சுவரைச் சரிக்கலாம். உப்பை 801 டிகிரிக்குச் சூடாக்கினால் உருகும், உருகிய உப்பு நன்றாகக் கடத்தும். வீட்டில் முயல வேண்டியதில்லை.

சர்க்கரைக் கட்டி அப்படிப்பட்ட சுவர் இல்லை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று 45 அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு ஒட்டிய முழு மூலக்கூறுகளின் குவியல். தண்ணீர் ஒரு மூலக்கூறை இன்னொன்றிடமிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போகும், மூலக்கூறை உடைக்காது. கரைந்த பிறகும் அது முழு ஆளாக, மின்னூட்டம் இல்லாமல் மிதக்கிறது. பேட்டரி எந்தப் பக்கம் இழுத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

ஆகவே "கரைந்ததா?" என்பது இரண்டாவது கேள்வி. கரைந்த பிறகு உள்ளே மின்னூட்டத்தோடு நகரக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்பதே நாம் ஒவ்வொரு டம்ளரிடமும் கேட்க வேண்டியது. இருந்தால் அந்தப் பொருள் மின்பகுளி, இலங்கைப் பாடநூல்களில் மின்பகுபொருள்.

பேட்டரி இல்லாவிட்டாலும் உப்பு கரையும்போதே அயனிகள் தனித்தனியாகிவிடுகின்றன என்பது இன்று சாதாரணச் செய்தி. ஒரு காலத்தில் அது சண்டைக்குரிய செய்தி. "அயனி" என்பதற்கான ஆங்கிலப் பெயரை 1834-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடேயே, மின்சாரம்தான் பொருளைப் பிரிக்கிறது என்று நினைத்தார். 1884-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அர்ரேனியஸ் என்ற இளம் விஞ்ஞானி இந்தத் துறையில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குக் கிடைத்தது தேறினார் என்று சொல்லக்கூடிய அளவு மதிப்பெண்தான். கரைசலில் அயனிகள் முன்பே பிரிந்திருக்கின்றன என்ற அதே கருத்துக்காக 1903-இல் அவருக்கு வேதியியல் நோபல் வந்தது. தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கி அழுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். பெற்றோர்களுக்குச் சொல்வதில்லை.

மஞ்சள் போட்டுப் பாருங்கள்

இது என் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த படி. உப்புத் தண்ணீரில் அரை ஸ்பூன் மஞ்சள் தூளைக் கலக்கிவிட்டு பென்சில்களை இறக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு முனையிலும் குமிழி கிளம்பும். ஒரு நிமிடம் பொறுத்தால், எதிர்முனைப் பென்சிலைச் சுற்றி மட்டும் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகத் தொடங்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் அதே சிவப்பு. காரணமும் அதேதான்: காரம். அந்த முனையில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் குமிழியாகப் போய்விட, ஹைட்ராக்சைடு அயனிகள் மிஞ்சுகின்றன. மறுமுனையில் ப்ளீச்சிங் பவுடர் வாடை வரும். அது குளோரின், குனிந்து முகர்ந்து பார்க்கக்கூடாது. இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஒயருக்குள் ஓடியது எலெக்ட்ரான், தண்ணீருக்குள் ஊர்ந்தது அயனி. இரண்டும் கைமாற்றிக்கொள்ளும் இடம் பென்சில் முனை. குமிழியும் நிறமும் அங்கே மட்டும் வருவது அதனால்தான். மஞ்சளும் சர்க்கரையும் மட்டும் போட்ட டிஸ்டில்டு வாட்டரில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சிவப்பு வராது.

வினிகரும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம். அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம். தண்ணீரோடு முழுக்கக் கலந்துவிடும். விளக்கு எரியும், ஆனால் அதே அளவு உப்பு போட்டால் எரிகிற மாதிரி எரியாது. வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு கொட்டைப்பாக்கு அளவை ஒரு டம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் கலக்கி, இரவு மூடி வைத்து, காலையில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் அசங்காமல் இறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி சுண்ணாம்பு அடியிலேயே படிந்திருக்கும். தெளிவில் இருப்பது லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சம்தான். விளக்கு வினிகரைவிட நன்றாக எரியும். மல்டிமீட்டர் இருந்தால் மில்லியாம்பியர் அளவில் வைத்து வரிசையில் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். (ஓம் அளவில் வைத்துத் தண்ணீரை அளக்க வேண்டாம். முனைகளில் அயனிகள் குவிந்து, எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும்.)

முப்பது மடங்கு குறைவாகக் கரைந்தது எப்படி அதிகம் கடத்துகிறது? அசிட்டிக் அமிலம் மூலக்கூறாகவே கரைகிறது. அதில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐந்து மட்டும் தண்ணீரிடம் ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துவிட்டு அயனியாகிறது. மீதி 995-உம் சர்க்கரை மாதிரி சும்மா மிதக்கிறது. சுண்ணாம்பு கரைவது கொஞ்சம், ஆனால் கரைந்தது கிட்டத்தட்ட அத்தனையும் அயனி. எவ்வளவு கரைகிறது என்பது ஒரு கணக்கு. கரைந்ததில் எவ்வளவு அயனியாகிறது என்பது வேறு கணக்கு. முதல் கணக்கில் வினிகர் ஜெயிக்கிறது, இரண்டாவதில் சுண்ணாம்பு. வலிமை மிகு மின்பகுளி, வலிமை குறைந்த மின்பகுளி என்று புத்தகம் பிரிப்பது இரண்டாவது கணக்கைத்தான்.

சுண்ணாம்புத் தெளிவைக் கொட்டிவிடாதீர்கள். அதில் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து, ஸ்ட்ரா வைத்து ஊதுங்கள். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக்கூடாது, கண்ணிலும் தெறிக்கக்கூடாது. நம் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் பால் மாதிரி வெளுக்கும். விட்டுவிட்டு ஊதிக்கொண்டே இருந்தால் மில்லியாம்பியர் எண் இறங்கிக்கொண்டே வரும், விளக்கும் மெல்ல மங்கும். கால்சியம் அயனிகள் கார்பனேட்டோடு சேர்ந்து சுண்ணாம்புத் தூளாக வெளியேறிவிட்டன. ஒன்றையும் எடுக்காமல், வெறும் மூச்சைச் சேர்த்தே கடத்துதிறனைக் குறைத்திருக்கிறோம். ரொம்ப நேரம் ஊதினால் பால் நிறம் தெளியத் தொடங்கும், எண்ணும் கொஞ்சம் திரும்ப ஏறும். அந்தத் தூள் பைகார்பனேட்டாக மறுபடி கரைகிறது.

"அயனிப் பிணைப்பு கடத்தும், சகப்பிணைப்பு கடத்தாது" என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜன் குளோரைடு வாயு சகப்பிணைப்புச் சேர்மம், அதாவது சர்க்கரை மாதிரி அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டு ஒட்டியது. ஆனால் தண்ணீரில் பட்டதும் அதனோடு வினைபுரிந்து முழுக்க அயனியாகிவிடும். அதுதான் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதே வாயுவை டொலுவீன் என்ற, தண்ணீர் கலக்காத கரைப்பானில் கரைத்தால் கடத்தாது. கரைப்பானுக்கும் இதில் பங்கு உண்டு.

டிடிஎஸ் பேனா சொல்லாத விஷயம்

தண்ணீரில் முக்கினால் எண் காட்டும் டிடிஎஸ் பேனா இப்போது பல வீடுகளில் இருக்கிறது. கரைந்த திடப்பொருளின் மொத்த அளவு என்று பெயர். உண்மையில் அது எதையும் எடைபோடுவதில்லை. நம் பென்சில் விளக்கின் படித்த தம்பி அது: கடத்துதிறனை அளந்து, பாதி அல்லது அதற்குச் சற்று மேலான ஓர் எண்ணால் பெருக்கி பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) என்று காட்டுகிறது.

சோதித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் உப்பு போட்டால், பாதியால் பெருக்கும் பேனா 1,000-ஐ ஒட்டிக் காட்டும். சரியான கணக்குதான். இன்னொரு லிட்டரில் 10 கிராம் சர்க்கரை போடுங்கள். உள்ளே கரைந்திருப்பது 10,000 பிபிஎம். பேனா ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ் கலவையில் லிட்டருக்கு 20.5 கிராம் பொடி. அதில் 13.5 கிராம் குளுக்கோஸ். அது பேனாவின் கண்ணுக்கே தெரியாது. மீதி 7 கிராம் உப்புகளைத்தான் அது பார்க்கிறது. (குளுக்கோஸ் வீண் இல்லை. குடல் சோடியத்தை உள்ளே இழுத்துக்கொள்ள அது துணை.)

வெயில் தண்ணீரையும் ஃப்ரிட்ஜ் தண்ணீரையும் இந்தப் பேனாவால் ஒப்பிடுகிறவர்களுக்கு: ஒரு டிகிரி சூடு ஏறினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும். நல்ல பேனா அதைத் தானே சரிசெய்துகொள்ளும், மலிவானது கோட்டைவிடும்.

சொட்டுநீரில் உரம் விடுகிறவர்களுக்கு இது காசு விஷயம். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு; உப்பைப் போலவே முழுக்க அயனியாகும், கடத்துதிறன் மீட்டர் உடனே காட்டும். யூரியா முழு மூலக்கூறாகக் கரையும். எவ்வளவு கொட்டினாலும் மீட்டர் ஏறக்குறைய அசையாது. மீட்டர் அசையவில்லையே என்று இன்னொரு கை அள்ளிப் போட்டால் பயிர் கருகும். மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி சில நாட்களில் அதை அம்மோனியம் அயனிகளாக மாற்றிய பிறகுதான் மீட்டருக்குச் சேதி தெரியும். யூரியாவை எடைபோட்டுத்தான் கலக்க வேண்டும்.

அந்தப் பெட்டி

இப்போது பென்சில்களைக் கழற்றிவிட்டு இரண்டு இரும்பு ஆணிகளை மாட்டுங்கள். எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் வேண்டாம். பேட்டரியிலிருந்து நேராக ஆணிக்கு. டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிடம் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். நேர்முனை ஆணி கரையத் தொடங்கும். முதலில் பாசிப்பச்சையாக ஒரு புகை, காற்றுப் பட்டதும் பழுப்பு, கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க எனக்குக் காட்டப்பட்ட அதே சேறு. தண்ணீரில் அழுக்கு எதுவும் இருக்கவில்லை, இருந்தது ஆணியின் இரும்பு.

போர் தண்ணீரில் கால்சியம், சோடியம், பைகார்பனேட் என்று அயனிகள் உண்டு. மின்சாரம் ஓடியது, கம்பி கரைந்தது. அவர் பாட்டிலில் அயனிகள் நீக்கிய தண்ணீர். மின்சாரமும் ஓடவில்லை, கம்பியும் கரையவில்லை. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இன்படி டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம். அந்த எல்லைக்குள் இருக்கும் நல்ல தண்ணீரும் அந்தப் பெட்டியின் கீழ் சேறாகத்தான் தெரியும். கிருமி இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா என்று அது சொல்லவே சொல்லாது. உங்கள் தண்ணீருக்குச் சுத்திகரிப்பு தேவைப்படலாம், அதை ஆய்வகப் பரிசோதனையை வைத்து முடிவு செய்யுங்கள்.

யாராவது அந்தப் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்தால் நன்றாகவே வரவேற்று, முடிகிறவரை பாருங்கள். பிறகு அவருடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். அவர் பெட்டி ஓடுவது வீட்டு மின்சாரத்தில், ஆகவே பிளக்கைப் பிடுங்கிய பிறகு உப்பைப் போடுங்கள்.